நிரம்பாத தொட்டி

அத்தியாயம் பத்தொன்பது

போன வாரம் நாம் பிரிந்தபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மேற்கொண்டு வாசிக்க மனசு ஓடாது. நிறம் திரும்பிவிட்டது. டாக்டர் ஏற்றிய மருந்தில் உதடும் நகமும் பழையபடி சிவந்துவிட்டன. ஆனால் அந்த இரண்டு மாதப் பிள்ளை சத்தம் வந்த பக்கம் இன்னும் தலையைத் திருப்பவில்லை. காதருகே கையைத் தட்டினாலும் மேல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. "பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். அந்த ஒரு சொல்லைத்தான் ஐந்து நாளாக அந்தக் குடும்பம் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வரி. ஊருக்கு வெளியே, குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு வீடு. சொந்தமாக ஒரு கிணறு, சொந்தமாக ஒரு கழிவுத் தொட்டி. அதில் தையல் வேலை செய்யும் அக்காளும், மின்கம்பம் ஏறியே காலம் தள்ளி ஓய்வு பெற்ற அவள் கணவர் லைன்மேனும் இருக்கிறார்கள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அக்காளே தாயாக நின்று இரண்டு பேரை வளர்த்தாள். ஒருவன் கொத்தனார் வேலை பார்க்கும் தம்பி. மற்றவள் கடைக்குட்டி. கடைக்குட்டியின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. அதனால் அவள் பிள்ளை பெற்று அக்காள் வீட்டில்தான் இருந்தாள். தாய்ப்பால் பற்றவில்லை. மாவுப்பால் கரைத்துக் கொடுத்தவள் அக்காள்.

"எந்தத் தண்ணியிலம்மா கரைச்சீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அக்காள் கொஞ்சம் நிமிர்ந்தே பதில் சொன்னாள். "எங்க கிணத்துத் தண்ணிதான் டாக்டர். சும்மா இல்ல. இருபது நிமிஷம் தளதளன்னு கொதிக்க வச்சு, ஆற வச்சு, வடிகட்டி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கொதிச்சா கிருமி சாகும்மா. உப்பு சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."

அன்றிலிருந்து அக்காள் அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சனிக்கிழமை காலை. தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஓர் அம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள் என்று அக்காளுக்குத் தோன்றியது.

"யார் பேர்ல குடுக்கணும்?"

"என் பேர்லதான்" என்றார் லைன்மேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். மின்சாரக் கணக்குகளைக் கரைத்துக் குடித்தவருக்கு இந்தக் காகிதம் பிடிபடவில்லை. "இதுல எதைப் பாக்கணும்?"

"நாலாவது வரி சார். நைட்ரேட், பிள்ளையை நீலமாக்கற உப்பு. நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும்."

லைன்மேனின் விரல் நாலாவது வரியில் போய் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு.

"மிஷின்ல ஏதாவது தப்பா இருக்குமோ?"

"மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். பச்சைப் பிள்ளை விஷயம்னு சொன்னாங்க, அதனால நானே உக்காந்து போட்டேன்." அந்த அம்மாள் இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முன்முடி நரைத்த, தூக்கம் கெட்ட முகம். "பக்கத்துல வயல் கிடையாது, உரம் போடறவங்க இல்ல, மாட்டுக் கொட்டாயும் இல்ல. அப்ப இது வீட்லேருந்துதான் வரணும். உங்க கழிவுத் தொட்டி எங்க இருக்கு?"

இதைக் கேட்டதும் லைன்மேனின் முகத்தில் அந்த நிலைமையிலும் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தத் தொட்டி அவருடைய பெருமை. பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் யார் அகப்பட்டாலும் அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். ஊரில் மற்றவர்கள் வீட்டுத் தொட்டி இரண்டு வருஷத்தில் நிரம்பும், மூன்று வருஷத்தில் நிரம்பும், லாரி வரும், தெருவே மூக்கைப் பொத்தும். இவர் வீட்டுத் தொட்டி பதினோரு வருஷமாக நிரம்பவே இல்லை.

"அதுல சந்தேகமே வேண்டாம்மா. என் மச்சான் கட்டினது. கோட்டை மாதிரி. இதுவரைக்கும் ஒரு லாரி இந்த வாசல்ல வந்து நின்னதில்ல."

அந்த அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "பதினோரு வருஷமா?"

"பதினோரு வருஷம்."

"அடி கான்கிரீட்டா சார்?"

"பின்னே? சிமெண்ட் மூட்டையை நானே எறக்கி வச்சேன்."

அக்காள் கேன் தண்ணீரில் போட்ட டீயைக் கொண்டுவந்து வைத்தவள் தட்டை எடுக்க மறந்து நின்றாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். போன இடம் தையல் அறை. கதவைச் சாத்திக்கொண்டு, வழவழவென்றிருந்த சிமெண்ட் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கண்ணுகளா, அவள் ஏன் அந்தத் தரையைப் பார்த்தாள் என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தபோது லைன்மேன் ஒன்பது நாள் வீட்டுக்கே வரவில்லை. அந்த ஒன்பது நாளில்தான் தம்பி தொட்டியைக் கட்டினான். அதே சமயம் அக்காளுக்கு முந்நூறு பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை வந்திருந்தது. தையல் அறையில் மண் தரை. மழை ஈரத்தில் மிஷினின் கால் ஒரு பக்கம் புதையும், தையல் கோணும், பிரித்துப் பிரித்துத் தைத்துக் கை ஓய்ந்துபோனாள்.

தொட்டியின் அடிக்கு என்று நான்கு மூட்டை சிமெண்ட் மிச்சம் இருந்தது.

"டேய், அந்த நாலு மூட்டையை என் ரூமுக்குப் போட்டுடேன்டா" என்றாள்.

"அக்கா, அடி போடலேன்னா கசியும்."

"கசிஞ்சா நல்லதுதானே? நிரம்பாது. குழிக்கு அடியில வந்து யார் பாக்கப் போறா?"

தம்பி தலையைச் சொறிந்தான். அவன் அவளை எதிர்த்துப் பேசியே பழகாதவன். "சரி, அப்புறமா வந்து போட்டுடறேன்" என்றான். அந்த அப்புறம் வரவில்லை. லைன்மேன் திரும்பிய மறுநாளே, திறந்த குழியில் யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று மேல் பலகைகளைப் போட்டு மூடச் சொல்லிவிட்டார்.

முதல் வருஷம் அவர் தொட்டியைப் பற்றிப் பெருமை பேசியபோது அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் வருஷம் சிரிப்பு போய் அவளும் தலையாட்டினாள். அதற்கப்புறம் அடி இல்லை என்பதே அவளுக்கு மறந்துபோனது. நிஜமாகவே மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தபோதுகூட அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. இப்போது, "அடி கான்கிரீட்டா" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் வந்தது.

வெளியே அந்த அம்மாள் காலடியால் அளந்துகொண்டிருந்தார். தொட்டியிலிருந்து கிணறு பதினெட்டே காலடி தூரம். தொட்டி மேட்டில், கிணறு பள்ளத்தில்.

"இன்னைக்கே லாரியை வரச் சொல்லித் திறந்து பாத்துடுங்க சார். அதுவரைக்கும் இந்தத் தண்ணியில பல்லுகூட விளக்காதீங்க."

"சரி, தொட்டியிலதான் கோளாறுன்னு வச்சுக்குவோம். சரி பண்ணிட்டா? கிணறு எப்ப நல்லாகும்?"

"சொல்ல முடியாது."

"ஒரு வருஷம்? ரெண்டு வருஷம்?"

"எனக்கு இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் இருக்கு சார். அதுக்குள்ள இந்தத் தண்ணி குடிக்கலாம்னு என் கையால எழுதிக் குடுக்க முடியும்னு தோணல."

"தள்ளி வேற இடத்துல ஆழ்துளை போட்டா?"

"மண்ணுக்குள்ள உங்க வேலி கிடையாதே." அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டியைக் கிளப்பியவர் மறுபடி அணைத்தார். "குழந்தை எப்படி இருக்கு?"

"பார்க்கலாம்னு சொல்றாங்க" என்றார் லைன்மேன்.

லாரி பதினொரு மணிக்கு வந்தது. ஓட்டிவந்தவர் ஒருவர்தான். குழாயை இழுப்பதும் பம்பைப் போடுவதும் மூடியைத் தூக்குவதும் எல்லாம் அவரே. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. லாரிக்காரர் வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல.

"கடைசியா எப்ப சார் எடுத்தீங்க?"

"எடுத்ததே இல்ல. பதினோரு வருஷம்."

"அப்ப இத்தனை வருஷமா வீட்ல யாரும் சாப்பிடறதே இல்லையா?"

வேறொரு நாளாக இருந்தால் லைன்மேன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று கடப்பாரையை எடுத்து நீட்டினார்.

லாரிக்காரர் கடப்பாரையால் பலகையை நெம்பினார். நாற்றம் ஒரு ஆள்போல எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. அக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள். கிட்டே போகக் கால் வரவில்லை, உள்ளே போகவும் வரவில்லை.

"அரைத் தொட்டிகூட இல்லையே" என்றார் அவர். பிறகு தொட்டியிலிருந்து தோட்டத்துக் கோடிக்கு ஓடும் குழாயின் வாயைக் குனிந்து பார்த்தார். தொட்டி நிறைந்தால் மேல் தண்ணீர் வழிந்து, தூரத்தில் உள்ள உறிஞ்சு குழிக்குப் போக வேண்டிய குழாய் அது. "இங்க வந்து பாருங்க சார். சிலந்தி வலை. இந்தப் பைப்பு பொறந்ததுலேருந்து நனையவே இல்ல."

பம்ப் உறுமியது. கால் மணி நேரத்தில் இருந்ததெல்லாம் லாரிக்குள் போய்விட்டது. லைன்மேன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டி வாயில் கால் வைக்கப் போனார்.

"யோவ் சார், நகருங்க! காலி தொட்டிதான் ஆளை அடிக்கும். உள்ள இருக்கற காத்து ஒரு மூச்சுல கவுத்துடும். யாரும் இறங்கற வேலையே கிடையாது." லாரிக்காரர் வண்டியிலிருந்து ஒரு நீள இரும்புக் கம்பியை எடுத்து வந்தார். "மேல நின்னே பாத்துடலாம். அடியில பட்டா டங்குன்னு ஒரு சத்தம் குடுக்கும், கேளுங்க."

கம்பி இறங்கியது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் அந்தச் சத்தம் வராது என்று தெரியும்.

கம்பி இறங்கிக்கொண்டே போனது. லாரிக்காரர் இடம் மாற்றிக் குத்தினார். இன்னொரு மூலையில் குத்தினார். ஒவ்வொரு தடவையும் அது சோற்றில் விரல் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே இழுத்தபோது முழங்கை நீளத்துக்குக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது.

லாரிக்காரர் கிராம்பைத் துப்பினார். குரலில் கேலி போயிருந்தது.

"நிரம்பவே இல்லன்னு சொன்னீங்களே சார். நிரம்பித்தான் இருக்கு. இது இல்ல." கிணற்றின் பக்கம் கையைக் காட்டினார். "அது."

தம்பி வரும்போது மணி ஒன்று. லைன்மேன் போனில் "உடனே வா" என்று மட்டும் சொல்லியிருந்தார். குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பூச்சு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு மொபெட்டில் பறந்து வந்திருந்தான். வாசலில் வண்டியைச் சாய்த்தவன், "அக்கா, பிள்ளை..." என்று ஆரம்பித்தான்.

"பிள்ளை இருக்கு. இங்க வா மச்சான்" என்றார் லைன்மேன்.

திறந்து கிடந்த தொட்டியைப் பார்த்ததும் தம்பியின் நடை தளர்ந்தது.

"அடி எங்க?"

"என்ன மாமா?"

"தொட்டிக்கு அடி எங்கடா?"

இத்தனை வருஷத்தில் லைன்மேன் அவனை டா போட்டதில்லை.

தம்பி தொட்டிக்குள் பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்தான். ஒரு இமைப்பு நேரம். அந்த இமைப்பில் அவன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துவிட்டான் என்பது அக்காளுக்குப் புரிந்தது. சின்ன வயதிலிருந்து அவன் முகம் அவளுக்குப் பாடம்.

"போடல மாமா."

"ஏன்?"

"சிமெண்ட் பத்தல."

"நான் எறக்கி வச்சுட்டுப் போனேனே! கண்ணு முன்னால நாலு மூட்டை தனியா வச்சு, இது அடிக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"வேற ஒரு இடத்துல வேலை ஓடிட்டிருந்துச்சு. அங்க கொண்டு போயிட்டேன்."

"திருடிட்டேன்னு சொல்லு."

"ஆமா மாமா."

"டேய், என்னடா சொல்ற?" என்றாள் அக்காள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீ உள்ள போக்கா."

அவள் உள்ளேயும் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. நான் அவளை ரொம்ப நல்லவளாகக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறேன், இந்த இடத்தில் மட்டும் முடியவில்லை. அரை நிமிஷம் இருக்கும். சொல்லியிருக்கலாம். தம்பி போட்டுக் கொடுத்த பொய் ஒரு குடைபோல விரிந்து நின்றது, அவள் அதற்கடியில் போய் நின்றுகொண்டாள்.

"அந்தப் பிள்ளையைப் பாத்துட்டுத்தானே தினமும் வந்துட்டுப் போற?" என்றார் லைன்மேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காத்தாடியெல்லாம் வாங்கிக் கட்டினியே தொட்டில் மேல. அது திரும்பிப் பாக்குமாடா இனிமே?"

லைன்மேன் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"போயிடு. இந்த வாசப்படியை மிதிக்காதே."

அக்காள் தெருமுனை வரை ஓடித்தான் அவனைப் பிடித்தாள். மொபெட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பைத்தியமாடா உனக்கு? எதுக்குடா அப்படிச் சொன்னே?"

"விடுக்கா. கட்டினவன் நான்தானே? அடி போடணும்னு தெரிஞ்ச ஆளு நான். உனக்குத் தையல் தெரியும், தொட்டி தெரியுமா?"

"நான் கேக்கலேன்னா நீ போட்டிருப்பே."

"அப்புறம் வந்து போடறேன்னு சொல்லிட்டு வராம இருந்தது யாரு?" அவன் அவள் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். "இங்க பாருக்கா. கடைக்குட்டிக்கு யாரோ ஒருத்தரைத் திட்டியே ஆகணும். திட்டட்டும். அண்ணன் இல்லாம அவ இருந்துடுவா. நீ இல்லாம இருக்க மாட்டா. அந்தப் பிள்ளையை வளக்கறது இனிமே லேசு இல்ல. அவளுக்கு நீ வேணும்."

"அவளுக்கு நிஜம் வேணும்டா."

"நிஜத்தை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா, பால் கரைப்பாளா?"

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. எதிரே ஒரு தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போயிற்று.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் வாயாலயே சொல்லிடறேன். அடுத்தவங்க சொல்லி அவ கேக்க வேண்டாம்" என்றான் தம்பி. வண்டியை உதைத்தான்.

அக்காள் வீட்டுக்குத் திரும்பும்போது லைன்மேன் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட பேசினீங்க?"

"கடைக்குட்டிகிட்ட."

"என்னங்க அவசரம்? அவனே போய்ச் சொல்றேன்னு..."

"அவன் போய்க் கதை கட்டுறதுக்கு முன்னால உள்ளதைச் சொல்லிட்டேன்."

அக்காள் அவர் எதிரில் போய் நின்றாள். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் சொல்லமாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அவன் திருடல. அந்த நாலு மூட்டையும் இந்த வீட்லதான் இருக்கு. என் தையல் ரூம் தரையில இருக்கு. நான்தான் கேட்டு வாங்கிப் போட வச்சேன். அடி வேணும்னுதான் அவன் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

லைன்மேன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. சலிப்பு. அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட.

"இதைச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"என்னங்க?"

"கிளி ஓடிப்போனதுக்கு யார் கூண்டைத் திறந்தாங்கன்னு உங்கப்பா கேட்டப்ப, நீதானே போய் முதுகைக் காட்டிட்டு நின்னே? பள்ளிக்கூடத்துல கண்ணாடி உடைஞ்சப்ப? நீயே எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கே. அவன் பண்ற தப்புக்கெல்லாம் நீ அடி வாங்கறது உனக்கு ஒரு வியாதி."

"அது வேறங்க. இது நிஜம். வந்து தரையைப் பாருங்க."

"தரையைப் பாத்தா? சிமெண்ட் தரை எல்லா வீட்லயும் இருக்கு. ரூமுக்குப் போட நான் தனியா மூட்டை வாங்கித் தந்தது ஞாபகம் இல்லையா?"

"அது சமையல் ரூமுக்கு..."

"போதும்மா." அவர் மெதுவாகச் சொன்னார். "அவன் அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். பதினோரு வருஷம் அவனை ஊரெல்லாம் தூக்கி வச்சுப் பேசினவன் நான். எனக்கு வலிக்காதா? இதுல நீ வேற நடுவுல வந்து நிக்காதே."

டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு அவர் கிணற்றடிக்குப் போனார். மோட்டார் பெட்டியைத் திறந்து, ஃபியூஸைப் பிடுங்கி, ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி நுனிக்கு டேப் சுற்றினார். வாழ்நாளெல்லாம் வீட்டுக்கு வீடு கரண்ட் கொடுத்த கை. பிறகு மாடிக்குப் போய் மேல்தொட்டியின் கீழ்க் குழாயைத் திறந்துவிட்டார். நல்ல தண்ணீர்போலவே அத்தனை தெளிவாக, பளபளவென்று, அது சுவரோரம் வழிந்து ஓடிற்று. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காள் தொட்டிப் பக்கம் போனாள். லாரிக்காரர் பலகையை மூடிவிட்டுப் போயிருந்தார். சுற்றிலும் சிந்தியிருந்ததன்மேல் சாம்பலைக் கொட்டினாள். விளக்குமாற்றால் கூட்டினாள். எதையாவது செய்துகொண்டிருக்காவிட்டால் அலறிவிடுவாள் போலிருந்தது.

மூன்றரைக்கு அவள் போன் அடித்தது. கடைக்குட்டி.

முதலில் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ மிஷின் விட்டு விட்டுக் கூவியது. யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"பிள்ளை எப்படிடி இருக்கு?"

"அப்படியேதான். இப்ப ஒரு டாக்டர் வந்து மணி அடிச்சுப் பாத்தாரு. ரெண்டு காதுலயும். எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் சொல்லல."

"கடைக்குட்டி, நான் ஒண்ணு சொல்லணும்."

"அண்ணன் வந்து வாசல்ல நிக்கறான். உள்ள விடாதீங்கன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லிட்டேன்."

"அப்படிப் பண்ணாதே. அவன்மேல தப்பில்ல. நான்தான்டி. அந்த சிமெண்டை நான்தான் கேட்டேன், என் மிஷினுக்குத் தரை வேணும்னு. அவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான். தண்ணியைக் கொதிக்க வச்சவ நான், தொட்டியை ஓட்டையாக்கினவளும் நான்தான். ரெண்டும் நான்தான்."

அக்காள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சபிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"மாமா சொன்னாரு" என்றாள் கடைக்குட்டி. "அக்கா போன்ல இப்படித்தான் சொல்லுவா, நம்பாதேன்னு."

"அய்யோ, நிஜம்டி!"

"அக்கா, எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல. சின்ன வயசுலேருந்து அவனுக்காக நீ வாங்கின அடியை எல்லாம் பக்கத்துல நின்னு பாத்தவ நான். இதையும் நீ வாங்கிக்கிட்டா நான் யாரைத்தான் வெறுக்கறது?" குரல் உடைந்து, திரும்ப ஒட்டிக்கொண்டது. "நீயாவது எனக்குச் சுத்தமா இரு. நாளைக்கு ஆஸ்பத்திரியில விட்டா நான் என் மாமியார் வீட்டுக்குப் போயிடறேன். அங்க குழாய்த் தண்ணி. நீ இங்க வராதே. உன்னைப் பாத்தா அவனைச் சேத்துக்கச் சொல்லுவே, நான் மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

அக்காள் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. தம்பிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவனும் எடுக்கவில்லை. சொன்னால் எல்லாம் போய்விடும் என்று பயந்துதான் பதினோரு வருஷமும் இன்று அரை நிமிஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. கொடுக்கப் போன பொருள் கையிலேயே இருந்தது.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கொடியில் கிடந்த சேலையை எடுத்து மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்து வாசலுக்கு வந்தாள்.

லைன்மேன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க கிளம்பிட்டே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நீ வர வேண்டாம்னு அவ இப்ப எனக்கும் போன்ல சொல்லிட்டா. உள்ள விடமாட்டா."

"தெரியும்."

"பின்னே அங்க போய் என்ன பண்ணப் போறே?"

அக்காள் செருப்பை மாட்டினாள். மேல்தொட்டியின் கடைசித் தண்ணீர் சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மிதிக்காமல் சுற்றி நடந்தாள்.

"வெளி வாசல்ல ஒருத்தன் நிக்கறான். அவன் பக்கத்துல நிக்கப் போறேன்."